மோட்டார் ரிப்பேர்

எங்கள் ஊரில் வீடு கேட்டு வருகிறவரிடம் முகத்துக்கு நேரே "இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. அது மரியாதை கிடையாது. "மோட்டார் ரிப்பேரா கிடக்கு" என்போம். கேட்டவரும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சங்கரன்கோவிலில் வாடகைக்கு விடுகிற வீடுகளில் மோட்டார் ரிப்பேர் ஆகாத வீடே கிடையாது. ஆனால் மோட்டார் மெக்கானிக்குகள் மட்டும் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எத்தனை தெரு, எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடிதம் வருவது குறைந்துபோய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. தெருக்கள் மட்டும் தலைக்குள்ளேயே தங்கிவிட்டன. அதனால் யாராவது ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை நானே சொல்லிக்கொள்வேன். மிச்சம் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாடி வீடு பெங்களூரில் இருக்கிற மகனுக்காகக் கட்டியது. அவன் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து நான்கு நாள் தூங்கிவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறதே என்று அவன்தான் போனில் ஒரு ஆப்பில் போட்டுவிட்டான். நாள் வாடகை. கோவிலுக்கு வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் போனிலேயே பார்த்துக் கேட்பார்கள். போடுகிற அன்றைக்கு அவன் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினான். சாதி, மதம், நிறம், உடம்பில் உள்ள குறை, ஆணா பெண்ணா, எதையும் பார்த்து யாரையும் மறுக்க மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டுமாம்.

"சரியாம்மா? டிக் அடிக்கட்டா?"

"அடி. டிக் அடிக்க காசா, பணமா?" என்றேன்.

மனமறிந்து பொய் சொல்லவில்லை. நான் யாரையும் மறுத்ததாக எனக்கே நினைப்பில்லை. மோட்டார் அல்லவா மறுத்தது.

என் முறை ரொம்ப நாசூக்கானது. ஆப்பில் யாராவது கேட்டால் உடனே போன் செய்வேன். சாப்பாட்டு விஷயம் கேட்பேன், எத்தனை பேர் என்று கேட்பேன், பிறகு பேச்சோடு பேச்சாக, "சொந்த ஊரு எது? அங்கன எந்தத் தெரு?" என்பேன். பதில் எனக்குப் பிடித்திருந்தால் மாடிச் சாவி. பிடிக்காவிட்டால் மோட்டார். கடையநல்லூரிலிருந்து ஒருவர் மனைவி பிள்ளைகளோடு ஒரு நிக்காஹுக்கு வர இரண்டு நாள் கேட்டார். ஊர்ப் பேரையும் தன் பேரையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மோட்டாரை ரிப்பேராக்கிவிட்டேன். "அப்படியா, பரவாயில்லம்மா. அல்லா நாடுனா இன்னொரு தடவ பாப்போம்" என்று பவ்வியமாக வைத்துவிட்டார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று என் வீட்டுக்காரரிடம் அன்றைக்குப் பாராட்டிச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், மெட்ராஸ்காரர்களுக்கு இந்தப் பாஷை புரியாது. கல்யாணம் ஆகாத நான்கு பையன்கள் கேட்டபோது மோட்டார் ரிப்பேர் என்றேன். "நோ ப்ராப்ளம் ஆன்ட்டி, நாங்க கேன் தண்ணி வாங்கிக்கிறோம்" என்று பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். நான் இரண்டு நாளும் மோட்டார் போடாமல், என் பொய்யைக் காப்பாற்ற நானும் குளிக்காமல் கிடந்தேன். உள்ளூர்க்காரர்களுக்கு உடனே புரியும். உள்ளூரிலும் அடுத்தவர் வாசலில் அதிகம் நின்று திரும்பினவர்களுக்கு, நான் "மோ" என்று ஆரம்பிக்கும்போதே புரிந்துவிடும். இதை நான் வெகுகாலம் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி உடம்பு சிவனும் பாதி உடம்பு விஷ்ணுவுமாக ஒரே சன்னதியில் நின்று, "எந்தப் பக்கம்னு கேக்காதீங்க" என்று சொல்லாமல் சொல்கிற சாமியின் ஊர் இது. அவர் சன்னதியிலிருந்து நடக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மகன் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அம்மா, நம்ம மோட்டாரு என்ன, மாசா மாசம் விரதம் இருக்கா?"

"என்னலே சொல்லுத?"

"எத்தன பேருகிட்ட மோட்டார் ரிப்பேருன்னு சொல்லியிருக்க? ஆப்புலருந்து எனக்கு மெயில் வந்திருக்கு. யாரோ கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்காவ. இன்னொரு தடவன்னா நம்ம வீட்ட எடுத்துருவாங்களாம்."

எடுத்தால் எடுக்கட்டும் என்றேன். அவன் விடவில்லை. தான் பெங்களூரில் வீடு தேடி அலைந்தபோது, "சாப்பாடு என்ன? சாதி என்ன?" என்று கேட்டு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய கதையை என்னிடம் ஏற்கெனவே அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான். அப்போது நான் அந்த வீட்டுக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதை ஞாபகப்படுத்தினான். அவன் ஆப்பில் எதையோ தட்டி, கேட்கிறவர்களுக்கு எங்களைக் கேட்காமலே வீடு பதிவாகிற மாதிரி மாற்றிவிட்டான். "இனிமே ஒனக்குப் போன் பேசுத வேலையே இல்ல. வாரவங்களுக்குச் சாவியக் குடு. எந்தத் தெருன்னு கேக்கக்கூடாது" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

அடுத்து வந்தது ஆடித் தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். கொடியேறிய நாளிலிருந்தே நேர்ச்சைக்காரர்கள் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று அதற்குப் பேர். அம்பாள் ஒற்றைக் காலில் தபசு நிற்கிறாளே, நாம் சுற்றினால் அவளுக்குக் கால் வலி குறையும் என்பது நம்பிக்கை.

தபசுக்கு முந்தின மூன்று நாளைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் பதிவு செய்திருந்தார்கள். பேரை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது எல்லோரும் ஒரே மாதிரி பேரை வைத்துத் தொலைக்கிறார்கள். ஆனால் மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். கல்லூரியில் படிக்கிறாளாம். போன வருஷம் ஒரு விபத்தில் கால் நொறுங்கிவிட்டதாம். மறுபடி நடந்தால் நூற்றியொரு சுற்று சுற்றுவதாக அம்மா நேர்ந்திருக்கிறாள். டாக்டர் அவ்வளவு நடக்க விடவில்லை. அதனால் சாமியிடம் பேரம் பேசி அம்மா தொண்ணூறு, மகள் பதினொன்று என்று பிரித்திருக்கிறார்கள். "எனக்கு ஒரு சுற்று முடிந்தால் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும் ஆன்ட்டி. கோவிலுக்குப் பக்கத்தில் வீடு கிடைக்கவில்லை என்றால் என்னால் முடிக்க முடியாது. உங்கள் வீடு நிச்சயம்தானே?"

நிச்சயம் என்று பதில் அனுப்பினேன். சாமியோடு பேரம் பேசுகிற பெண்ணை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. காலைத் தூக்கி வைக்க இரண்டு தலையணை கூடுதலாகப் போட்டேன். உறை மாற்றினேன். மாடிப்படியைக் கழுவிவிட்டேன்.

கழுவின கையோடு மோட்டார் நின்றது.

மெக்கானிக் வந்து, போர்வெல்லிலிருந்து குழாயெல்லாம் உருவி மோட்டாரை மேலே எடுத்துப் பார்த்துவிட்டு, "காயில் எரிஞ்சிட்டு அம்மா. வைண்டிங் கட்டணும். தபசு முடிஞ்சுதான்" என்றார். மோட்டாரைச் சாக்கில் கிடத்திவிட்டுப் போய்விட்டார். நல்லவேளையாக எங்கள் பின்கட்டில் நிலத்தொட்டி இருக்கிறது. நகராட்சித் தண்ணீர் அதில் நிறையக் கிடந்தது. கோரித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"மேடம், ராஜபாளையம் தாண்டிட்டோம். இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துருவோம்."

"வாங்க, வாங்க. ஒண்ணுமில்ல, ஒரு விஷயம். மோட்டாரு ரிப்பேராகிக் கிடக்கு..."

நான் தொட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சரிங்க மேடம். புரியுது. நாங்க வேற பாத்துக்கிடுதோம்" என்றாள். கோபமில்லை, குத்தல் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகின குரல். கடையநல்லூர்க்காரர் பேசின அதே மரியாதை.

போன் வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதிவு ரத்து என்று ஆப்பில் வந்தது.

"ஏங்க, நெசமாவே ரிப்பேருன்னு சொல்லுதேன், போன வச்சிட்டாளே!" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "புலி வருது, புலி வருதுன்ன. இன்னைக்கு வந்துட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. அந்தப் பெண் காலைத் தூக்கி வைக்க இடமில்லாமல் எங்கே படுப்பாள்? தபசுக் கூட்டத்தில் மண்டபத்தில் ஒரு சாண் இடம் கிடைக்காது. பதினொரு சுற்றில் ஒன்றுகூட முடியாது. அதுவும் என் வாயால்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மாவையும் மகளையும் மறித்து, "மோட்டாரு நெசமாவே ரிப்பேருதான்" என்று ஆரம்பித்தேன். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார்கள். அதற்கு அடுத்த பஸ்ஸில் ஒரு பெண் ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு காலை இறக்கினாள். பின்னால் இரண்டு பையோடு அம்மா.

"திருப்பூர்லருந்தா வாரிய? நாந்தான் அந்த வீட்டுக்காரி" என்றேன்.

அம்மாவுக்கு முகம் இறுகிவிட்டது. "அதான் சொல்லிட்டியளே அக்கா. பரவால்ல. நாங்க எங்கனயாவது இருந்துக்கிடுவோம். எங்களுக்கு இது புதுசா என்ன?"

"நெசமாவே ரிப்பேரும்மா!"

"எல்லாரும் நெசமாத்தான் சொல்லுவாவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். ஆனால் என் கோபத்துக்கு ஆள் பார்த்து விழத் தெரியாது. "நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கியா? வந்து பாரு. மோட்டார வெளிய எடுத்துப் போட்டிருக்கு. பொய்யின்னா அப்பமே திரும்பிப் போ. வண்டிச் செலவு நான் தாரேன்" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மகள்தான் சிரித்துவிட்டாள். "வாம்மா, போய்ப் பாப்போம். இவ்வளவு சத்தமா யாரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வீட்டுப் பக்கவாட்டில் சாக்கின் மேல் மோட்டார் கிடந்தது. குழாய்களைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தது. அந்த அம்மா பையைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டு, கருகின வாடையை முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"எனக்கு நாப்பத்தாறு வயசாவுது அக்கா. எத்தனையோ ஊருல எத்தனையோ வீட்டு மோட்டாரு ரிப்பேருன்னு கேட்டாச்சு. ரிப்பேரான மோட்டார இன்னைக்குத்தான் கண்ணால பாக்குதேன்."

மகள் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து செல்பி எடுத்துக்கொண்டாள், அதே கையோடு ரத்தான பதிவை ஆப்பில் மறுபடி போட்டாள். நானும் சிரித்தேன். அந்த எத்தனையோ வீட்டைப் போலத்தான் என் வீடும் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நிலத்தொட்டிக்குப் போக எங்கள் அடுக்களையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த அம்மா வாளியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்களே கோரி ஊத்திருங்க அக்கா. நான் இங்கன நிக்குதேன்."

"நான் எதுக்கு ஊத்தணும்? எனக்கு இடுப்பு வலி. உள்ள வந்து நீயே கோரிக்கோ" என்றேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் கால் தயங்கியது. பிறந்ததிலிருந்து பழகினது ஒரே நாளில் போய்விடாது. அவள் வந்தாள். அடுப்பில் வைத்திருந்த குழம்பை எட்டிப் பார்த்து, "புளி கொஞ்சம் தூக்கலோ?" என்று கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். புளி தூக்கல்தான். பக்கத்து வீட்டு மதினி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன, அடுக்களை வழியாவா?" என்று கேட்டாள். "பின்ன, ஆகாசம் வழியாவா?" என்றேன். தலை உள்ளே போய்விட்டது.

அம்மா விடியலில் போவாள், இருபது முப்பது சுற்று முடித்து வந்து காலை நீட்டி உட்காருவாள், மறுபடி போவாள். மகள் காலையில் இரண்டு, சாயந்திரம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்து தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் சுக்குக் காப்பி கொண்டுபோவேன். வாயாடிப் பெண். கல்லூரிக் கதை, விபத்துக் கதை, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் கிழவரோடு சண்டை போட்ட கதை என்று பேசிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயந்திரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர் என்றாள். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்படியா மக்கா? கரிவலத்துல எந்தத் தெரு?" என்றேன்.

கேட்ட பிறகுதான் கேட்டது எனக்கே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உள்நோக்கம் எதுவும் இல்லை. நாக்கு அதுவாகப் போய்விட்டது.

அவள் என்னையே பார்த்தாள்.

"தெருப் பேரு சொன்னா உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"நான் போஸ்ட் ஆபீசு. எல்லாத் தெருவும் தெரியும்."

"தெரியாதவங்களா இருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காப்பியையும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு கதை எதுவும் வரவில்லை.

கீழே இறங்கி வந்து அடுக்களையில் சும்மா நின்றேன். வெட்கமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கோரவிட்டு, குழம்புக்குப் புளி பார்க்கவிட்டுப் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக நினைத்திருந்தேன். ஒரு கேள்வியில் எல்லாம் போயிற்று.

தபசு அன்று காலை மகளுக்கு ஒரு சுற்று பாக்கி. அம்மாவுக்கும் பாக்கி இருந்ததால் முன்னாலேயே போய்விட்டாள். பெண் படியில் இறங்கும்போதே வலியில் உதட்டைக் கடித்தாள். நான் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். கோவிலில் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. பாதி தூரத்தில் அவள் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நின்று நின்று நடந்து முடித்தோம். முடித்த இடத்தில் அவள் அம்மா வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சாமி கணக்கு தீர்ந்தது.

அவர்கள் திருப்பூர் போய்ச் சேர்ந்த மறுநாள் மகன் போன் செய்தான். தங்கினவர்கள் ஆப்பில் வீட்டைப் பற்றி எழுதி ஸ்டார் போடுவார்கள், ஐந்துக்கு இத்தனை என்று. அந்தப் பெண் எழுதியிருந்தாளாம். அவன் வாசித்தான்.

"வீடு சுத்தம். கோவில் பக்கம். தலையணை கேட்காமலே தந்தார்கள். மோட்டார் உண்மையிலேயே ரிப்பேர்." வாசித்துவிட்டு, "இது என்னம்மா, பாராட்டா, குறையா?" என்று கேட்டான்.

"பாராட்டுத்தான்."

"அப்ப ஏன் நாலு ஸ்டாரு? ஒண்ணு ஏன் கொறச்சா? தண்ணி கோரவச்சதுக்கா இருக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். மோட்டார் மேல் பழி போடுவது எனக்குப் புதிதும் இல்லை.

"தண்ணிக்கு இல்லடா" என்றேன். "எந்தத் தெருன்னு கேட்டுட்டேன்."

அவன் அந்த நாலு வரியை மறுபடி ஒரு தடவை வாசித்தான்.

"கேட்டும் ஒண்ணுதான் கொறச்சாளா?" என்றான்.